எலிக்கு உண்டு, நாய்க்கு உண்டு

கஞ்சாவை அரசு வளாகத்துக்குள்ளேயே, காலணா செலவில்லாமல், வயிறு நிறையப் பெற்றுக்கொண்ட பயனாளி தமிழ்நாட்டில் ஒருவர்தான். எலி.

கதை விடவில்லை. 2020இல் சென்னையில் இரண்டு பேரிடமிருந்து 22 கிலோ கஞ்சா பிடித்தார்கள். 2023 ஜூலையில் போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்கு முடிவுக்கு வந்தது. பொருள் எங்கே என்ற கேள்விக்குப் போலீஸ் தரப்பு பதில் சொன்னது: சோதனைக்கு அனுப்பிய கொஞ்சம் போக மீதியை எலி தின்றுவிட்டது. இரண்டு பேரும் விடுதலை. எலி மேல் முதல் தகவல் அறிக்கைகூடக் கிடையாது. 20 கிலோவைத் தாண்டினால் சட்டத்தின் கணக்கில் அது 'வணிக அளவு'. குறைந்தது பத்து வருஷம் கடுங்காவல், ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த அளவை மென்று முடித்த பிராணிகள் இன்றைக்கும் ஏதோ ஒரு பரணில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கின்றன.

உத்தரப் பிரதேச எலிகளோடு ஒப்பிட்டால் நம் எலிகள் பாவம். மதுரா போலீஸ் 2022இல் 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னது. வரிப் பகிர்வு மாதிரியே இதிலும் அவர்களுக்குப் பெரும் பங்கு, நமக்கு வெறும் 22. இதைக் கண்டித்து இன்னும் எந்தக் கட்சியும் ஆர்ப்பாட்டம் அறிவிக்காததுதான் ஆச்சரியம்.

அடுத்த பயனாளி நாய். எல்லா நாயும் இல்லை. பெருநகரத்து அடுக்குமாடியில், தீபாவளி வெடிக்கு நடுங்குகிற, பெயர் வைத்த நாய். அதன் பதற்றத்துக்கும் மூட்டுவலிக்கும் கஞ்சா இலைச் சாறு கலந்த எண்ணெய் ஆன்லைனில் விற்கிறது. சட்டவிரோதம் இல்லை. 1985இல் வந்த போதைப்பொருள் சட்டம், கஞ்சா என்றால் செடியின் பூக்கிற, காய்க்கிற நுனி என்று வரையறுத்தது. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா ஆகாது. ஆகவே இலையைப் பிழிந்து, ஆயுர்வேத உரிமம் வாங்கி, 'விஜயா' என்று சமஸ்கிருதத்தில் பெயர் ஒட்டினால் அது மருந்து. காசிக்குப் போனால் அரசு உரிமத்தோடு பாங்கு கடையே நடக்கிறது. மனிதருக்கும் இந்த எண்ணெய் உண்டு. செல்போனில் டாக்டரிடம் கொஞ்ச நேரம் பேசினால் சீட்டு வரும், கூரியரில் புட்டி வரும், விலை ஆயிரக்கணக்கில் வரும். விதையைச் சாப்பாட்டில் சேர்க்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. 'விஜயா' என்று கேட்டால் கூரியர், 'கஞ்சா' என்று கேட்டால் எஃப்.ஐ.ஆர். தமிழில் நோய் வரக் கூடாது என்பதை நாம்தான் புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் பெரியப்பா எலியும் இல்லை, நாயும் இல்லை. கடலூர் முதுநகரில் ஒரு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கெழுதியவர். கன்னத்தில் புற்று. அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்கே சிப்காட் புகைபோக்கிகள் தெரியும். காற்று திரும்புகிற ராத்திரிகளில் நாற்றத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுகிற ஜனங்கள் அந்தப் பக்கம் குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம் வரைக்கும் இருக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு நாக்பூர் நீரி நிறுவனம் செய்த ஆய்வு 2008இல் வெளியே வந்தது. சிப்காட் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு ஆயுளில் புற்றுநோய் வருகிற அபாயம் 2,000 மடங்கு அதிகம் என்றது அது. பெரியப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவர் பீடியும் குடித்தார். ஆனால் அந்தப் புகைபோக்கிக்கு உரிமம் இருக்கிறது. பீடிக் கட்டின்மேல் எச்சரிக்கைப் படம் அச்சடித்து வரியும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டில் எது கொடுத்ததோ, அந்த வலிக்கு ஒரு மாத்திரை வேண்டும் என்று நான் அலைந்தபோதுதான் இந்த ராஜ்யத்தில் சட்டம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது.

முதல் மருந்துக் கடையில், "மார்ஃபினா? சத்தமா கேக்காதீங்க சார்" என்றார்கள். இரண்டாவது கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் பாரசிட்டமால் கொடுத்தார்கள். கன்னத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியே கஞ்சி ஒழுகுகிற மனிதருக்குப் பாரசிட்டமால்! ராத்திரி இரண்டு மணிக்கு அவர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடிப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடக் கூடாதாம்.

கஞ்சாவைப் பேச வந்தவன் ஏன் மார்ஃபினுக்குப் போகிறான் என்று கேட்பீர்கள். 'சட்டபூர்வமாக்கு' என்று கோஷம் போடுகிறவர்கள் ஒருமுறை இந்தத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். மார்ஃபின் எப்போதுமே சட்டபூர்வமான மருந்து. 1985 சட்டம் அதையும் சேர்த்துப் பூட்டியது. ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு உரிமத்தின்மேல் உரிமம் கேட்டது. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசிய மருந்து, நாடு முழுக்க ஒரே விதி என்று ஆக்கியது. மருத்துவத்துக்கான அபினை இந்தியாவே பயிரிட்டு ஏற்றுமதியும் செய்கிறது. இவ்வளவும் இருந்தும் கடலூரில் மருந்துக் கடைக்காரர் சத்தமாகக் கேட்காதே என்கிறார். காகிதத்தில் திறந்த கதவு கடைத்தெருவில் திறக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கஞ்சாப் போராளிகள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கடைசியில் புதுச்சேரி ஜிப்மரில்தான் கிடைத்தது. சீட்டெழுதி, பதிவேட்டில் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு 84 மாத்திரை எண்ணிக் கொடுத்தார்கள். பத்து மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். முள்ளோடை சாராயக் கடைகளைத் தாண்டி வருகிற பஸ்ஸில் எல்லா வேட்டி மடிப்பும் சந்தேகத்துக்குரியது. எனக்கு முன் சீட்டுக்காரர் இடுப்பிலிருந்து இரண்டு குவார்ட்டர் பிராந்தி வெளியே வந்தது. தமிழ்நாட்டு அரசு விற்காத பிராந்தி என்பது மட்டும்தான் அதன் குற்றம். என் மஞ்சப்பைக்குள் கைவிட்ட காவலர் மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாத்திரைங்க?"

"வலி மாத்திரை சார். பெரியப்பாவுக்குக் கேன்சர்."

அவர் பையைத் தானே மடித்து என் கையில் கொடுத்தார். "எங்க அத்தைக்கும் இருந்துச்சு. இப்படி ஒரு மாத்திரை இருக்குன்னே கடைசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது சார்" என்றார். சொல்லிவிட்டு அடுத்தவர் இடுப்பைத் தடவப் போனார்.

புதுச்சேரி எல்லையைத் தாண்டியபோதுதான் 1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதியாரைப் பிடித்தார்கள். பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தவரைக் கைது செய்து, மூன்று வாரத்துக்கு மேல் கடலூர் சிறையில் வைத்தார்கள். அவருக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்ததை அவரோடு பழகியவர்களே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். பெருமைக்குரிய விஷயம் இல்லை. அவர் உடம்பை அது அரித்தது. நான் சொல்ல வருவது வேறு. வெள்ளைக்காரன் அவரைப் பிடித்தது எழுத்துக்காக. கஞ்சா அன்றைக்கு உரிமக் கடையில் எடை போட்டு விற்ற பொருள். இன்றைக்கு அவர் அந்த எல்லையைத் தாண்டினால் எழுத்துக்குத் தனி வழக்கு, பொட்டலத்துக்கு 20ஆம் பிரிவில் தனி வழக்கு. ஒரு வருஷம் வரை உள்ளே. டிசம்பர் 11ஆம் தேதி அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்களே, அதற்கு முந்தின வாரம் ரிமாண்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மார்ஃபின் வலியைப் பிடித்து நிறுத்தியது. வாந்தியையும் பசியின்மையையும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மலச்சிக்கல் என்று ஒன்றை இலவசமாகவும் கொடுத்தது. பெரியப்பாதான் சொன்னார், அவருடைய தாத்தாவுக்குச் சிதம்பரத்து வைத்தியர் ஒருவர் ஒரு லேகியம் கொடுப்பாராம். சுண்டைக்காய் அளவு. தின்றால் பசிக்கும், தூக்கம் வரும். அந்த வைத்தியரின் பேரன் இன்னும் கீழவீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறார், அவரும் கிழவர். போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார்.

"பேரைச் சொல்லியே கேக்குறீங்களே தம்பி."

ஏட்டில் அதற்குப் பெயர்களுக்கா பஞ்சம்? சிவமூலி, ஞானமூலி, கற்பமூலி, கோரக்கர் மூலி. கழுவிக் கழுவி வடித்து, உலர்த்தி, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்கிற விதம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பசியின்மைக்கு எவ்வளவு, கழிச்சலுக்கு எவ்வளவு, தூக்கம் கெட்டவனுக்கு எவ்வளவு, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதும்.

"இப்ப அந்த லேகியம் கிண்டுறதில்லையா?"

"சுக்கு இருக்கு, மிளகு இருக்கு, ஏலம், ஜாதிக்காய், நெய்யி எல்லாம் இருக்கு. மூலவர்தான் இல்ல. நம்ம ஊர்ல மூலவரே வீதிக்கு வர்றது வழக்கம்தானே? இவரும் வெளிய போனாரு. திரும்பி வரல."

சிதம்பரத்துக்காரர் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். மற்ற ஊர்களில் உற்சவர் தேரேறுவார், மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். இங்கே ஆனியிலும் மார்கழியிலும் நடராசரே தேருக்கு வருவார். கிழவர் பகடி அவ்வளவு நுட்பம்.

இன்னொரு வேடிக்கையும் அவரிடம்தான் கற்றேன். 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்ட விதிகளில் 'இ(1)' என்று ஓர் அட்டவணை. சித்த மருத்துவத்தில் பயன்படுகிற நச்சுப் பொருட்களின் பட்டியல். எட்டி, அலரி, சேராங்கொட்டை, நேர்வாளம் என்று போகிற அந்தப் பட்டியலில் கஞ்சாவும் இருக்கிறது, தில்லையும் இருக்கிறது. ஆம், சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த தில்லை மரம். பால் பட்டால் கண்ணைக் கெடுக்கிற மரம். ஊருக்குள் தேடினால் கிடைக்காது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகுக்காரர் காட்டுவார். பட்டியலில் இருப்பதன் பொருள் தடை இல்லை. மருந்தாகச் சேர்க்கலாம், எச்சரிக்கையோடு சேர். எச்சரிக்கை எப்படி என்பதையும் 161ஆம் விதி சொல்கிறது: மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்று புட்டியில் இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுத வேண்டும். தமிழ்ச் சித்தர் தமிழில் பாடிவைத்த மருந்தைத் தமிழன் செய்து தமிழனுக்குக் கொடுக்கும்போது, இது விஷம் ஜாக்கிரதை என்பதை இந்தியில் சொல்ல வேண்டும். டாஸ்மாக் பாட்டிலைப் பாருங்கள். மது கேடு என்ற எச்சரிக்கை அழகான தமிழில். மொழிப் பற்று சரக்குக்கு மட்டும்தான்.

மத்திய அரசு மருந்துப் பட்டியலில் எழுதிவைத்த பொருளை, இன்னொரு மத்தியச் சட்டம் போதைப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறது. நடுவில் கிழவர் கதவை ஒருக்களிக்கிறார். சிவமூலி என்று பெயர் வைத்த ஊரில் அந்தச் சிவனையே நிறுத்தினால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நிந்தாஸ்துதி நமக்குப் புதிதில்லையே. ஜாமீன் மனுவுக்கு அரசு வழக்கறிஞரின் ஆட்சேபணை இப்படி இருக்கும்: நிரந்தர முகவரி சுடுகாடு. கூட்டாளிகள் பூதகணம். புலித்தோல், மான், பாம்பு வகையில் வனத்துறை வழக்கு நிலுவையில் உள்ளது. கையில் தீ வைத்திருப்பதற்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. ஒரு காலைத் தூக்கியே வைத்திருப்பதால் எந்த நேரமும் தலைமறைவாக வாய்ப்பு உண்டு.

சிரித்தாயிற்று. இனி எரிச்சலுக்கு வருவோம். மருத்துவக் கஞ்சா என்ற பேச்சை எடுத்தாலே கோட்டையில் எல்லோரும் கைகாட்டுவது டெல்லியை. "அது மத்தியச் சட்டம்." அந்த மத்தியச் சட்டத்தை ஒருமுறை பிரித்துப் படித்தால் தேவலை. 8ஆம் பிரிவு எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் தவிர என்கிறது. 10ஆம் பிரிவு, அந்த வரம்புக்குள் கஞ்சாச் செடி வளர்ப்பது, கஞ்சா தயாரிப்பது, வைத்திருப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாவற்றையும் விதி வகுத்து ஒழுங்குபடுத்துகிற அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது. சட்டம் அமலுக்கு வந்தது 1985 நவம்பர் 14. அன்று முதல் அந்தச் சாவி தலைமைச் செயலகத்து மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. எத்தனையோ மாநில உரிமைக்கு உண்ணாவிரதம் இருந்தோம், தீர்மானம் போட்டோம். கையில் கொடுத்த உரிமையின் மேல் மட்டும் காப்பித் தம்ளரை வைத்துவிட்டோம். இரண்டு கழகமும்தான். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

ஐ.நா.வின் போதைமருந்து ஆணையம் 2020 டிசம்பர் 2ஆம் தேதி வியன்னாவில் ஓட்டெடுத்து, ஹெராயினோடு வைத்திருந்த மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. ஆதரித்த 27இல் இந்தியாவும் ஒன்று. நாம் மாற்றிப் போட்டிருந்தால் 26-26, தீர்மானம் விழுந்திருக்கும். அதாவது கஞ்சாவுக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்று உலகத்துக்குச் சொன்னதில் நம் ஓட்டே தீர்மானமான ஓட்டு. வியன்னாவில் விஞ்ஞானம், விருத்தாசலம் ஜங்ஷனில் கஞ்சா வேட்டை.

வேட்டை என்பது என் சொல் இல்லை, காவல்துறை வைத்த பெயர். 2021 டிசம்பரில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை', பிறகு 2.0, பிறகு 3.0, பிறகு 4.0. செல்போனுக்கு வருகிற அப்டேட் மாதிரி. தமிழ்நாட்டில் கஞ்சா சாகுபடி பூஜ்யம் என்பார் ஆளுங்கட்சிக்காரர். தமிழ்நாடே கஞ்சாவின் தலைநகரம் என்பார் எதிர்க்கட்சிக்காரர். ஆட்சி மாறினால் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆந்திர மலையிலிருந்து ரயிலில் பொட்டலம் வந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் அதை விற்கிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடியுங்கள். எத்தனை கிலோ பிடித்தோம் என்று மேஜையில் அடுக்கிப் படம் எடுக்கிறீர்களே, அந்தப் படத்துக்குப் பின்னால் எலி காத்திருக்கிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போதையை ஒழிக்கிற இந்த அரசின் இன்னொரு கையைப் பாருங்கள். அதற்குப் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2003 முதல் சில்லறைக்கே இறங்கிவிட்ட டாஸ்மாக் மூலம் 2023-24இல் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. மதுவை விலக்க விலக்க இவ்வளவு வருகிறது. 2023 ஜூனில் 500 கடையை மூடினார்கள், மிச்சம் 4,829. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வைத்து விற்பதை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அரசுக் கடையில் குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவர்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு நெஞ்சில்லை. ஆனால் பெரியப்பா மாதிரி துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறவன் இந்த மாநிலத்தின் கண்ணில் படுவதில்லை. அவன் வரியும் கட்டுவதில்லை, கூட்டமாகவும் சாவதில்லை.

வடக்கே கதவு கொஞ்சம் திறக்கிறது. உத்தராகண்ட் 2018இல் போதை குறைந்த கஞ்சாச் செடி வகையைப் பயிரிட உரிமம் கொடுத்தது. இமாசலப் பிரதேசத்தில் குழு போட்டார்கள். அது மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் சாகுபடி செய்யலாம் என்று கொடுத்த அறிக்கையை 2024 செப்டம்பரில் சட்டமன்றம் ஏற்றது. பேச்சை உற்றுக் கேட்டால் நோயாளி என்ற சொல்லைவிட வருவாய் என்ற சொல்தான் பளிச்சென்று கேட்கிறது. கடனில் இருக்கிற மலை மாநிலம், கஞ்சாவில் கண் வைக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது, நம்மவர்கள் கண்ணிலும் அந்த வெளிச்சம் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று.

முதல் ஆறு மாதம் திட்டத்துக்கு எந்தத் தலைவர் பெயர் வைப்பது என்பதில் போகும். அப்புறம் டெண்டர். செடியே வளர்த்தறியாத ஒரு கம்பெனிக்குக் கிடைக்கும். அதன் முதலாளி யாருக்கு மைத்துனர் என்பதைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்து வயசுப் பையன் சொல்லுவான். ஏற்கனவே ஆள், கட்டடம், கம்பிக் கூண்டு எல்லாம் இருப்பதால் விநியோகம் டாஸ்மாக்கிடமே. மஞ்சக்குப்பத்துக் கடையில் புற்றுநோயாளிகளுக்குத் தனி வரிசை. ஆதார் அட்டை, பயாப்ஸி நகல், கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து உண்மையிலேயே வலிக்கிறது என்பதற்கான சான்று. கூண்டுக்குள்ளிருந்து கை வரும்: "பத்து ரூபா சில்லறையா குடு தாத்தா."

சட்டமாக்கு என்று குரல் கொடுக்கிற நம்மூர்ப் பிள்ளைகளையும் விட மனசில்லை. சில்வர் பீச்சில் பாப் மார்லி பனியனோடு உட்கார்ந்து, கஞ்சா புற்றுநோயைக் கரைத்துவிடும் மாமா, சர்க்கரையை விரட்டிவிடும், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான் என்று ஒருவன் எனக்கு வகுப்பெடுத்தான். தம்பி, வெள்ளைக்காரன் மறைக்கவில்லை. 1839இலேயே கல்கத்தாவில் ஓஷானசி என்ற டாக்டர் வலிப்புக்கும் ரணஜன்னிக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1893-94இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, வெள்ளைக்காரன் அமைத்த ஆணையம் ஏழு தொகுதி அறிக்கை போட்டு, அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, தடை தேவையில்லை என்றது. இன்றைய மருத்துவம் ஒத்துக்கொண்டது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் திடமானது. குழந்தைகளுக்கு வருகிற இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து பிரித்த மருந்தை அமெரிக்கா 2018 ஜூனில் ஏற்றது. கீமோ வாந்திக்கு அதன் சத்தைச் செயற்கையாகச் செய்த மாத்திரையை ஏற்றது 1985இல். எந்த வருஷம் என்று இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். புற்றைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இளம் வயதில் தினமும் இழுத்தால் மூளை பிசகும் அபாயம் உண்டு என்பதற்கு ஆதாரம் நிறைய. நீ உன் இழுப்புக்காக என் பெரியப்பாவின் வாந்தியை முன்னால் பிடித்துக்கொண்டு போகாதே. அவர் வாந்திக்கென்று ஒரு நியாயம் தனியாக இருக்கிறது.

அந்த லேகியம் கிடைக்கவில்லை. பெரியப்பா மாசி மாதத்தில் போனார். கடைசி இரண்டு வாரம் தண்ணீர்தான், அதுவும் பஞ்சில் நனைத்து. வலி மட்டும் இல்லை. அதற்கு நான் ஜிப்மர் பஸ்ஸுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காரியம் முடிந்து பெரியம்மா அலமாரியைத் துடைத்தபோது 14 மாத்திரை மிச்சம் இருந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிடலாம், பதிவேட்டில் கணக்கு இருக்கும் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் போனபோது அட்டை இல்லை. பின்தெருவில் மார்பில் புற்று வந்து படுத்திருக்கிற அக்காவின் மகள் வந்து அழுததாம்; கொடுத்துவிட்டாளாம். எத்தனை மணிக்கு ஒன்று என்பதையும் பேப்பரில் எழுதிக் கொடுத்தாளாம், பெரியப்பாவின் மண்டிக் கணக்குப் பேனாவில்.

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 14 மாத்திரை, 140 மில்லிகிராம் மார்ஃபின். ஐந்து கிராம் வரைக்கும் 'சிறிய அளவு'தான். அதற்கே ஒரு வருஷம் வரை கடுங்காவல் போடலாம். கைமாற்றியது எழுபத்திரண்டு வயது விதவை. விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இது தப்பு பெரியம்மா, யாராவது கணக்குக் கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்றேன்.

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "எலி தின்னுடுச்சுன்னு சொல்றேன். போலீசு சொன்னா கோர்ட்டு கேட்டுக்குது, நான் சொன்னா கேக்காதா?"